நட் ஏறினால் போதாது

அன்புள்ள மருமகனே,

உன் கடிதமும் நாலு படங்களும் வந்து சேர்ந்தன. 1979-ஆம் வருஷத்து ஃபோர்டு எஃப்-150 வாங்கியிருக்கிறாய். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லையாம், என்னிடம் மட்டும்தான் சொல்கிறாயாம். அந்த வழக்கை நீயே பேசித் தீர்த்துக்கொள். நல்ல வண்டிதான். டெக்ஸாஸ் வெயிலில் கிடந்ததால் அடிச்சட்டம் துருவுக்குத் தப்பியிருக்கிறது. இங்கே மிச்சிகனில் பனிக்காலமெல்லாம் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த வயது வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் சட்டம் அப்பளமாய் உதிரும்.

உன் கேள்விக்கு வருகிறேன். பின் சக்கரத்தில் நட் ஏறுகிற ஸ்டட் இரண்டு முறிந்துவிட்டன. பழைய வண்டி உடைக்கிற யார்டில் 1998 எக்ஸ்ப்ளோரரின் பின் ஆக்ஸில், டிஸ்க் பிரேக்கோடு, மலிவாகக் கிடக்கிறது. "இரண்டும் ஃபோர்டு, இரண்டிலும் அஞ்சு நட், இரண்டிலும் அரை இஞ்ச் மரை. முழு ஆக்ஸிலையும் மாற்றிவிடலாமா மாமா?" என்று கேட்கிறாய்.

கூடாது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. பாதியில் நிறுத்திவிட்டு யார்டுக்குக் கிளம்புகிற பழக்கம் உனக்கு உண்டு.

நீ சொன்ன மூன்று விஷயமும் சரி. எக்ஸ்ப்ளோரர் ஃபோர்டுதான், அஞ்சு ஸ்டட்தான், அதன் மரையும் உன் வண்டியின் மரையும் ஒன்றுதான்: அரை இஞ்ச் தடிமன், இஞ்சுக்கு 20 சுற்று. ஆனால் அந்த அஞ்சு ஸ்டட்டும் எந்த வட்டத்தின் மேல் நிற்கின்றன என்று நீ அளக்கவில்லை. உன் எஃப்-150-ல் அந்த வட்டத்தின் விட்டம் ஐந்தரை இஞ்ச், அதாவது 139.7 மில்லிமீட்டர். எக்ஸ்ப்ளோரரில் நாலரை இஞ்ச், 114.3 மில்லிமீட்டர். ஒரு இஞ்ச் வித்தியாசம். உன் சக்கரம் அதில் உட்காரவே உட்காராது.

"டேப் வைத்து அளந்தேனே மாமா" என்பாய். எங்கே அளந்தாய்? படத்தில் ஒரு ஸ்டட்டிலிருந்து எதிரே இருக்கும் ஸ்டட்டுக்குச் சாய்வாக டேப்பைப் பிடித்திருக்கிறாய். ஆறு துளை, எட்டு துளை என்றால் நேர் எதிரே ஒரு துளை இருக்கும்; மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தால் முடிந்தது. ஐந்துக்கு நேர் எதிர் கிடையாது. பக்கத்துப் பக்கத்து ஸ்டட் இரண்டின் மையத்துக்கு மையம் அளந்து, அதை 0.588 ஆல் வகுக்க வேண்டும். மையத்தைக் கண்ணால் குறிக்காதே. ஒரு ஸ்டட்டின் வெளி விளிம்பிலிருந்து அடுத்ததன் உள் விளிம்பு வரை அளந்தால் அதுவே மைய தூரம். உன் வண்டியில் 82 மில்லிமீட்டர் வரும், எக்ஸ்ப்ளோரரில் 67. செவர்லே சி-10 பிக்கப்பில் 1971-லிருந்து வந்தவை ஐந்து இஞ்ச் வட்டம், அதில் 74.6 வரும்.

1997-ல் ஃபோர்டு எஃப்-150-ஐப் புதிதாக வடிவமைத்தபோது வட்டத்தை 135 மில்லிமீட்டராக்கிவிட்டார்கள். 2003 வரைக்கும் அதுதான். அதே பெயர், அதே அஞ்சு நட். அளந்தால் 79.4 வரும். உன்னுடையதற்கும் அதற்கும் மூன்று மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. டேப் பிடித்த கை கொஞ்சம் நடுங்கினாலே அந்த வித்தியாசம் மறைந்துவிடும். கண்ணுக்கும் ஒன்றாகவே தெரியும். அந்த வண்டியின் சக்கரத்தை உன் வண்டியில் வைத்துக் கையால் தள்ளினால் முக்கால்வாசி உள்ளே போகும், மிச்சத்தை நட் இழுத்துக்கொள்ளும் என்று நினைத்து முறுக்குவார்கள். ஐந்து ஸ்டட்டும் மையத்தை நோக்கி வளைந்து, வளைந்தபடியே ஓடும். வளைந்த ஸ்டட் எப்போது முறியும் என்று யாரிடமும் சொல்லிவிட்டு முறிவதில்லை. ஆகவே டேப்பை வீட்டில் வை, வெர்னியர் ஒன்று வாங்கு.

அடுத்து அகலம். உன் வண்டியின் பின் ஆக்ஸில் ஒரு பக்கம் சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து மறுபக்க முகம் வரை சுமார் 65 இஞ்ச். எக்ஸ்ப்ளோரருடையது 59½ இஞ்சை ஒட்டி வரும். அதை மாட்டினால் பின் சக்கரங்கள் பக்கத்துக்கு இரண்டே முக்கால் இஞ்ச் உள்ளே ஒடுங்கும். முன்புறம் அகலம், பின்புறம் குறுகல் என்று மாட்டுவண்டிக்குக் கழுதைவண்டிச் சக்கரம் போட்டது மாதிரி நிற்கும். ஸ்பிரிங் உட்காரும் தட்டையும் வெட்டியெடுத்து, உன் வண்டியின் ஸ்பிரிங் தூரத்துக்கு, கார்டன் ஷாஃப்டின் கோணம் பார்த்து வெல்டிங் வைக்க வேண்டும். உனக்கு வெல்டிங் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதியிருக்கிறாய், அதை நான் படித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது அடாப்டர் ஞாபகம் வந்திருக்கும் உனக்கு. நாலரையை ஐந்தரையாக்கும் தடித்த அலுமினியத் தட்டு கடைகளில் கிடைக்கிறது, உண்மைதான். ஒன்றேகால் இஞ்ச் தடிமனில் போட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து இரண்டரை இஞ்ச் கூடும். 62 ஆகிறது. இன்னும் மூன்று இஞ்ச் குறைவு. அதோடு பழைய ஸ்டட்டுக்கு ஒரு நட், அடாப்டரின் ஸ்டட்டுக்கு இன்னொரு நட் என்று சக்கரத்துக்குப் பத்து நட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே மறைந்திருக்கும் அஞ்சை அடாப்டரைக் கழற்றாமல் பார்க்கவே முடியாது. ஐந்தையே நீ பார்க்காமல் விட்டதால்தான் இரண்டு முறிந்தது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. நீ கழற்றி எறியப் பார்க்கிற ஆக்ஸில் எது என்று உனக்குத் தெரியுமா? வண்டிக்குப் பின்னால் குனிந்து பார். டிஃப்ரன்ஷியலின் பின்பக்கம் போல்ட் வைத்த மூடி இல்லாமல், மொழுமொழுவென்று உருண்டையாக இருந்தால் அது ஃபோர்டின் ஒன்பது இஞ்ச். உன் இரண்டாவது படத்தில் அப்படித்தான் இருக்கிறது. 1957-லிருந்து 1986 வரை போட்ட ஆக்ஸில். இன்றைக்கும் பந்தயக் கார் கட்டுகிறவர்கள் அதைத் தேடிப் பிடிக்கிறார்கள். கியர் முழுவதும் ஒரே கூட்டாக முன்பக்கமாகக் கழன்று வரும், மேசையில் வைத்து வேலை பார்க்கலாம். எக்ஸ்ப்ளோரரில் இருப்பது எட்டு புள்ளி எட்டு இஞ்ச், பின்னால் பத்து போல்ட் மூடி. அதுவும் உழைக்கிற சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஆக்ஸில் தண்டைப் பிடித்து வைத்திருப்பது டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் ஒரு சின்ன சி வடிவ வளையம். தண்டு முறிந்தால் சக்கரம் தண்டோடு வெளியே நடந்துவிடலாம். உன் ஒன்பது இஞ்சில் தண்டை வெளிமுனையிலேயே பேரிங்கும் நாலு போல்ட் வைத்த தட்டும் பிடித்திருக்கின்றன. ஊரெல்லாம் தேடுகிற சாமான் உன் வண்டிக்கு அடியிலேயே இருக்கிறது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு யார்டுக்கு ஓடுகிறாய்.

டிஸ்க் பிரேக் ஆசை நியாயமானது. ஆனால் உன் வண்டியின் முன் சக்கரத்தில் டிஸ்க் ஏற்கெனவே இருக்கிறது; வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்னால்தான் நடக்கிறது. பின் டிரம்முக்குப் புது ஷூ, புது வீல் சிலிண்டர் போட்டு ஒழுங்காக அட்ஜஸ்ட் செய். அப்படியும் ஆசை தீரவில்லையென்றால் ஒன்பது இஞ்சுக்கென்றே டிஸ்க் கிட் விற்கிறார்கள். அதை அடுத்த வருஷம் பேசுவோம்.

இப்போது முறிந்த ஸ்டட்டுக்கு வா. இரண்டை மட்டும் மாற்றப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். இரண்டு முறிந்த பிறகு மீதி மூன்றும் ஐந்தின் பாரத்தைச் சுமந்து ஓடியிருக்கின்றன. பார்க்க நேராக இருக்கும், உள்ளே இழுபட்டுப் போயிருக்கும். அந்தச் சக்கரத்தின் ஐந்தையும் மாற்று.

ஸ்டட்டைப் பற்றி உன் தாத்தா பட்டறையில் எனக்குச் சொல்லித் தந்ததை உனக்குச் சொல்கிறேன். அவருக்கு அரை இஞ்ச் என்றால் நாலு நூல். இஞ்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். பழைய செவர்லே நாலு சக்கர ஓட்டப் பிக்கப்பில் வரும் 7/16 ஸ்டட்டைக் காட்டியிருந்தால் மூன்றரை நூல் என்றிருப்பார். பழைய எஃப்-250-ன் எட்டு துளை சக்கரத்தில் வரும் 9/16 நாலரை நூல். பட்டறைக்கு வந்த வில்லிஸ் ஜீப்புகளின் வட்டமும் இதே ஐந்தரை இஞ்ச்தான். மாருதி ஜிப்ஸிக்கும் அதே 139.7. இதைச் சொன்னால் உடனே ஜிப்ஸி நட்டைத் தேடுவாய். தேடாதே. அதன் ஸ்டட் 12 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.25. வட்டம் ஒன்றாக இருந்தால் மரையும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. நடுத்துளையும் அப்படித்தான். 2002-க்குப் பிறகு வந்த டாட்ஜ் ராம் 1500-க்கும் ஐந்தரை இஞ்ச் வட்டமே, ஆனால் சக்கரத்தின் நடுத்துளை 77.8 மில்லிமீட்டர். எஃப்-150-க்கு 87. ஸ்டட் எல்லாம் துளையில் நுழையும், நடுவில் ஹப் முட்டிக்கொண்டு நிற்கும்.

மரை விஷயத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முன்பு என்னிடம் ஒரு டொயோட்டா பிக்கப் இருந்தது. ஆறு ஸ்டட், 12 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.5. வேறு சக்கரம் போடக் கொடுத்த டயர் கடையில் அரை இஞ்ச் நட்டை மாட்டி அனுப்பிவிட்டார்கள். அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர், அதனால் அந்த நட் 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் சுலபமாக ஏறும். இரண்டு மூன்று சுற்று போனதும் மரை இடைவெளி ஒத்துவராமல் இறுகும், அரை இஞ்ச் நட்டின் 1.27-க்கும் ஸ்டட்டின் 1.5-க்கும் எத்தனை தூரம் ஒத்துப்போகும்? இறுகியது மரைதான், சக்கரம் இல்லை. ஸ்பேனர் பிடித்தவருக்கு இரண்டும் ஒரே மாதிரி கைக்குத் தெரியும். நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது, ஓரங்கட்டினேன். மூன்று நட் விரலால் சுற்றுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தன, சக்கரத்தின் துளைகள் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தன. பின் இருக்கையில் உன் அத்தையும் குழந்தையும் இருந்தார்கள். அன்றிலிருந்து யார் மாட்டிக் கொடுத்தாலும் நானே ஒருமுறை கழற்றிப் பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை.

ஆகவே புது நட்டை எப்போதும் கையால், சக்கரம் இல்லாமல், வெறும் ஸ்டட்டில் ஏற்றிப் பார். அடி வரைக்கும் ஆட்டம் இல்லாமல், விரல் பலத்திலேயே போக வேண்டும். பாதியில் இறுகினாலோ கடகடவென்று ஆடினாலோ அது உன் நட் இல்லை. 9/16-க்கும் 14 மில்லிமீட்டருக்கும் நடுவிலும் இதே ஏமாற்று உண்டு, 14.29-க்கும் 14-க்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரியாது.

மரை சரியாக இருந்தாலும் ஸ்டட் சரி என்று அர்த்தமில்லை. ஸ்டட்டின் தலைக்குக் கீழே பல் பல்லாக நர்லிங் வெட்டியிருக்கும். அந்தப் பகுதிதான் ஆக்ஸில் தட்டின் துளையைக் கவ்விக்கொள்கிறது. ஒரே அரை இஞ்ச் ஸ்டட்டைப் பல நர்லிங் அளவுகளில் விற்கிறார்கள். கொஞ்சம் ஒல்லியானதைப் போட்டால் நட்டைக் கழற்றும்போது ஸ்டட்டும் சேர்ந்து சுற்றும், அப்புறம் நட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். தடித்ததை அடித்து இறக்கினால் தட்டு விரியும். முறிந்த ஸ்டட்டின் தலையைத் தூக்கி எறிந்துவிடாதே. அதன் நர்லிங்கை வெர்னியரில் அளந்து, நீளத்தையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போ. கவுண்டரில் வண்டிப் பெயரை மட்டும் சொன்னால் அவர்கள் புத்தகத்தைப் பார்த்து ஒன்றைக் கொடுப்பார்கள். நாற்பது வருஷத்தில் அந்த ஆக்ஸிலை யாரெல்லாம் மாற்றினார்களோ, புத்தகத்துக்குத் தெரியாது.

ஸ்டட்டை இறக்கும்போது நீ செய்யப்போவது எனக்குத் தெரியும். நட்டைப் போட்டு, இம்பாக்ட் கன்னால் டர்ரென்று இழுப்பாய். அதில் மரை முதல் நாளே காயப்படும். ஒன்பது இஞ்சில் டிரம்மைக் கழற்றி, தட்டின் துளை வழியாக நாலு நட்டை எடுத்தால் தண்டு வெளியே வந்துவிடும். அதைப் பிரெஸ் இருக்கிற பட்டறைக்கு எடுத்துப் போய் இறக்கு. அப்படியே ஆயில் சீலையும் மாற்றிவிடு.

நட்டின் அடிப்பக்கத்தையும் பார். உன் பழைய இரும்புச் சக்கரத்துக்குக் கூம்பு வடிவ நட். படத்தில் தெரிகிற அந்த அலுமினியச் சக்கரத்தைப் போட்டால், அதன் துளை கூம்பா, இல்லை வாஷரோடு நீண்ட கழுத்து நட் கேட்கிற நேர்த்துளையா என்று பார்த்துத்தான் நட் வாங்க வேண்டும். நேர்த்துளையில் கூம்பு நட்டைப் போட்டால் விளிம்பில் ஒரு கோடு மாதிரிதான் தொடும், சீக்கிரமே தளரும். அலுமினியம் இரும்பைவிடத் தடிமன், ஆகவே மரை எவ்வளவு மிச்சம் என்றும் பார்க்க வேண்டும். ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது நட் மரையைக் கடிக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. அரை இஞ்சுக்கு, இஞ்சுக்கு 20 சுற்று என்றால், பத்துச் சுற்று. ஆறு சுற்றில் நின்றால் நீள ஸ்டட் வாங்கு, சமாதானம் சொல்லாதே.

முறுக்குவது பற்றி ஒரு வார்த்தை. சக்கரத்தைத் தாங்குவது ஸ்டட்டின் தடிமன் என்று நினைக்கிறாய், கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறாய். சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிற அழுத்தம்தான் தாங்குகிறது. முறுக்கும்போது ஸ்டட் ஸ்பிரிங் மாதிரி மயிரிழை நீள்கிறது, அந்த இழுப்புதான் பிடி. அரை இஞ்ச் ஸ்டட்டில், உலர்ந்த மரையில், 100 அடி-பவுண்டு கொடுத்தால் வழக்கமான கணக்குப்படி ஒவ்வொரு ஸ்டட்டும் ஐந்து டன்னுக்கு மேல் இழுக்கும். மரையில் எண்ணெய் தடவிவிட்டு அதே அளவு முறுக்கினால் ஏழு டன்னைத் தாண்டும். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் கிரீஸ் தடவியிருக்கிறாய் என்று மூன்றாவது படம் சொல்கிறது. துடை. உன் வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு, டார்க் ரெஞ்சால், ஒன்று விட்டு ஒன்றாக நட்சத்திர வரிசையில் முறுக்கு. டிரம்முக்கும் சக்கரத்துக்கும் நடுவில் துருவோ பெயிண்டோ இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு மாட்டு. அந்தப் பெயிண்ட் நசுங்கினால் பிடியும் தளரும்.

யார்டில் வேறு வண்டிகளையும் நோண்டுவாய் என்பதால் இரண்டு எச்சரிக்கை. பழைய கிரைஸ்லர் வண்டிகளில், 1970 வரைக்கும், இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமரை. தாத்தாவின் பட்டறைக்கு வந்த ஜீப்புகளிலும் அப்படித்தான். ஸ்டட் முனையில் எல் என்று ஆங்கில எழுத்து குத்தியிருக்கும். பார்க்காமல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தால், கழற்றுகிறேன் என்று இறுக்கிக்கொண்டே போய் முறித்துவிடுவாய். செவர்லே சி-10 வாங்க நினைக்கிற உன் நண்பனிடமும் சொல்: 1967 முதல் 1972 வரை பார்க்க ஒரே உடம்பு, ஆனால் 1970 வரைக்கும் ஆறு துளை, 1971-லிருந்து ஐந்து. படத்தைப் பார்த்துச் சக்கரம் வாங்கினால் திருப்பிக் கொடுக்க அலைய வேண்டும்.

உன் பாக்கெட்டில் இனி எப்போதும் உன் வண்டியின் நட் ஒன்று கிடக்கட்டும். எந்த யார்டுக்குப் போனாலும் முதலில் அதை ஏற்றிப் பார்த்துவிட்டுப் பேச்சை ஆரம்பி. எக்ஸ்ப்ளோரர் ஆக்ஸில் வேண்டாம் என்று யார்டுக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடு, முன்பணம் கொடுத்திருந்தால் கேட்டு வாங்கு. ஐந்து ஸ்டட்டும் மாற்றும் வரை அந்த வண்டியை வீட்டு வாசலைத் தாண்டி எடுக்காதே. மாற்றியதும் 50 மைல் ஓட்டு, மறுபடி ஐந்து நட்டையும் முறுக்கிப் பார், எது எவ்வளவு நகர்ந்தது என்று அன்று ராத்திரியே எனக்குப் போன் செய்.

அன்புடன்,
உன் மாமா